கச்சான் அடித்தால் யாருக்கு வேலை, யாருக்கு லீவு: தூத்துக்குடிக் குறிப்புகள்

தூத்துக்குடியில் ஒருவர் என்ன தொழில் பார்க்கிறார் என்று தெரிந்தால் போதும். எந்த மாதத்தில் அவர் கையில் காசு புழங்கும், எந்த மாதத்தில் மளிகைக் கடையில் கணக்கில் எழுதச் சொல்வார் என்று கூடவே சொல்லிவிடலாம். துறைமுகம், அனல்மின் நிலையம், உரத் தொழிற்சாலை என்று மாதச் சம்பளக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் இந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த தொழில்கள் உப்பு, தோணி, மீன், சங்கு ஆகியவை. இந்த நான்கிலும் கூலி நாள்களைக் காற்றுதான் எண்ணிக் கொடுக்கிறது.

வைகாசிக் கடைசியில் மேற்கிலிருந்து எழும்பும் காற்றுக்கு இங்கே கச்சான் என்று பெயர். கேரளத்துப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு மலை தாண்டி வருவதால் அதில் ஈரம் கிடையாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுற்றவைப்பதும் இதே காற்றுதான். புரட்டாசி வரைக்கும் விடாமல் வீசும். ஊருக்கு வருஷம் முழுக்கப் பெய்யும் மழை 65 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்துவிடும். எட்டொன்பது மாதம் வெயில், அதில் நாலு மாதம் காய்ந்த காற்று, தரையடியில் உவர் நீர். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு விளையும் இடமாகத் தூத்துக்குடி ஆனதற்கு இதுதான் காரணம்.

உப்பு "எடுப்பது" என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். உப்பளத்துக்காரர்கள் "விளையுது" என்பார்கள். விவசாயம் போலவே இதற்கும் பருவம், நிலத் தயாரிப்பு, அறுவடை, மழைச் சேதம் எல்லாம் உண்டு. தை பிறந்ததும் முதல் வேலை பாத்தியைச் சீர் செய்வது. மூன்று மாத மழையில் வரப்பு கரைந்திருக்கும், தரையில் வண்டல் படிந்திருக்கும். மழைத் தண்ணீரை வெளியேற்றி, வண்டலை வழித்தெடுத்து, வரப்பைக் கட்டி, பிறகு ஈரக் களிமண் தரையைக் காலால் மிதிக்க வேண்டும். வரிசையாக நின்று வெறுங்காலோடு நாள்கணக்கில் மிதிப்பார்கள். தரை இறுகாவிட்டால் இரண்டு கேடு வரும். அடர்த்தியேறிய நீர் மண்ணுக்குள் இறங்கிப் போகும். உப்பை வாரும்போது மண்ணும் சேர்ந்து வந்து சரக்கு பழுப்பாகும். அந்த வருஷத்து உப்பின் வெள்ளை நிறம் இந்த மிதியில்தான் இருக்கிறது.

அடுத்தது தண்ணீர். கடல் நீர் அடர்த்திமானியில் சுமார் 3 டிகிரி காட்டும். இங்கே பல அளங்களில் ஆழ்துளைக் கிணற்று உவர் நீரையே இறைக்கிறார்கள், அது கடல் நீரைவிட அடர்த்தியானது. அடர்த்தி கூடக் கூட வற்றவைக்கும் நாள் குறையும். இறைத்த நீர் முதலில் தெப்பம் எனும் தேக்கத்தில் நிற்கும். அங்கிருந்து ஆழம் குறைந்த பாத்திகள் வழியாக ஒவ்வொன்றாக நகர்த்திக் கொண்டு வருவார்கள். ஆயிரம் லிட்டர் கடல் நீர் ஏறத்தாழ நூறு லிட்டராகச் சுண்டும்போதுதான் உப்பு விழ ஆரம்பிக்கும். டிகிரிக் கணக்கில் அது 25-ஐத் தாண்டும் இடம்.

இந்த டிகிரிக் கணக்கில் தப்பு செய்தால் அந்தப் பாத்தி உப்பு கெட்டது என்று வைத்துக்கொள்ளலாம். 13 டிகிரியை ஒட்டி ஜிப்சம் படிய ஆரம்பிக்கும். அதை முந்தைய பாத்திகளிலேயே விழ விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டு இளசான நீரை உப்புப் பாத்திக்குள் விட்டால் சுண்ணாம்புச் சத்து உப்போடு கலந்துவிடும், ரசாயன ஆலைக்காரர் கழித்துவிடுவார். எதிர்ப்பக்கமும் அப்படித்தான். 29, 30 டிகிரி தாண்டியும் பழைய நீரைப் பாத்தியிலேயே விட்டுவைத்தால் மக்னீசிய உப்புகள் சேரும். அந்த உப்பு கசக்கும், மூட்டைக்குள் எப்போதும் பிசுபிசுவென்று ஈரம் கோத்திருக்கும். அதனால்தான் மிஞ்சிய கசப்பு நீரை வடித்துவிட்டுப் புது நீர் கட்டுகிறார்கள். வடிக்க மனமில்லாமல் "இன்னும் ஒரு வாரு பார்ப்போம்" என்று இழுக்கும் குத்தகைதாரர் எடையில் சம்பாதித்து விலையில் இழப்பார்.

கச்சான் வீசும்போது பாத்தி நீர் கிழக்கு வரப்பை நோக்கி ஒதுங்கும். பாத்தி பெரிதாக இருந்தால் அலையே எழும்பி வரப்பை அரிக்கும். அதனால் சிறிய பாத்திகளாகக் கட்டுவதில் நியாயம் இருக்கிறது. நீரைக் கலக்கிக்கொண்டே இருந்தால் மணி பொடியாகும், கலக்காமல் விட்டால் பருக்கும். யாருக்கு விற்கப் போகிறோம் என்பதைப் பொறுத்து அதை முடிவு செய்வார்கள்.

வாரும் நேரம் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் தரையெல்லாம் வெள்ளையாகக் கண்ணைக் கூசும், கீழிருந்தும் மேலிருந்தும் வெளிச்சம் அடிக்கும். நீண்ட கம்பில் பூட்டிய பலகையால் ஒருவர் உப்பைத் தரையிலிருந்து பெயர்த்து ஓரத்துக்கு இழுப்பார். பலகையைச் சாய்க்கும் கோணம் கொஞ்சம் கூடினாலும் களிமண் உரிந்து வரும், குறைந்தால் உப்பு தங்கிவிடும். கை பழகினவர் இழுக்கும்போது கேட்கும் சத்தமே தனி. இழுத்ததை வரப்போரம் சின்னச் சின்னக் குவியலாக வடிய விட்டு, பிறகு பெட்டியில் அள்ளித் தலையில் தூக்கித் தட்டுமேட்டில் கொட்டுவார்கள். பெரும்பாலும் வாருவது ஆண்கள், சுமப்பது பெண்கள். ஈர உப்பு நிறைந்த பெட்டி 25, 30 கிலோ இருக்கும். தலையிலிருந்து வழியும் உப்பு நீர் கழுத்து வழியே இறங்கும். காலில் ரப்பர் பூட்ஸ் போட்டால் உள்ளே நீர் புகுந்து கனக்கிறது, போடாவிட்டால் வெடிப்பில் உப்பு ஏறுகிறது. கண் எரிச்சலும் பித்தவெடிப்பும் இந்த வேலையின் கூடப் பிறந்தவை. கறுப்புக் கண்ணாடியும், குடிக்க நல்ல தண்ணீரும், பெண்களுக்கு ஒரு கழிவறையும் கொடுப்பதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. வெட்டவெளியில் பாதி நாள் ஒதுங்க இடமில்லாமல் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள் என்பதை அளம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிவார்கள்.

தட்டுமேட்டில் குவித்ததை அம்பாரம் என்பார்கள். கூடார வடிவில் சாய்வாகக் கட்டி, பக்கங்களைத் தட்டி இறுக்கிவிட்டால் மேல்தோல் கெட்டிப்பட்டுச் சின்ன மழையைத் தாங்கும். பெருமழைக்கு முன் பனை ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூட வேண்டும். பருவத்துக்கு நடுவில் திடீர் மழை வந்தாலும் எல்லாம் போய்விடாது. மழைநீர் லேசானது, உவர் நீரின் மேல் தனியாக மிதக்கும். காற்று கலக்கிவிடும் முன் மேல் நீரை மட்டும் வழிய விட்டால் அடியில் இருக்கும் அடர்த்தி தப்பும். ராத்திரி மழை என்றால் டார்ச் வெளிச்சத்தில் அளத்துக்கு ஓடுவது இதற்காகத்தான். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்தது வேறு மாதிரி மழை. பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஒரு வருஷத்து மழையைவிட அதிகம், ஒரே நாளில். விற்பதற்காகக் காத்திருந்த அம்பாரங்கள் மூடிய நிலையிலேயே கரைந்தன, வரப்புகள் சுவடில்லாமல் போயின.

சாப்பாட்டு உப்புக்கு இன்னொரு கட்டம் உண்டு. தயாரிக்கும் இடத்தில் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) அயோடின் இருக்க வேண்டும், கடையில் வாங்கும்போது 15-க்குக் குறையக் கூடாது. 30 பிபிஎம் என்றால் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 50 கிராம் பொட்டாசியம் அயோடேட். கரைசலாக்கித் தெளிப்பார்கள். உப்பில் ஈரம் அதிகமிருந்தால் அயோடின் நீரோடு கீழே இறங்கி மூட்டையின் அடியில் சேர்ந்துவிடும். மேலே எடுத்த மாதிரி பரிசோதனையில் தோற்கும். கசப்பு நீரைச் சரியாக வடிக்காத பாவம் இங்கே வந்து பிடிக்கும்.

உப்பளத்துக்குக் கொண்டாட்டமான கச்சான், தோணிக்கு ஓய்வு. பழைய துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் மரத் தோணிகளைக் காட்சிப் பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகிற உழைக்கும் கலங்கள் அவை. 1974-ல் பெரிய துறைமுகம் வருவதற்கு முன் ஆழம் குறைந்த இந்தக் கரையில் கப்பல்கள் சில மைல் தள்ளித்தான் நங்கூரமிடும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே மூட்டை சுமந்தவை தோணிகள். தண்டவாளம் 1876-லேயே வந்துவிட்டது. சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கித்தான் கப்பல் ஏறினார்கள். 1914-ல் தனுஷ்கோடி வழி திறந்ததும் அந்தக் கூட்டம் கலைந்தது. வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்தக் கொழும்புப் பாதையில்தான்.

தோணி கட்டுவது ஓடாவி எனும் மரக்கலத் தச்சரின் வேலை. ஏரா எனும் அடிக்கட்டையை நீட்டி, அதிலிருந்து விலா எலும்பாக வங்குகளை எழுப்புவார்கள். வங்குக்கு இயற்கையாகவே வளைந்து வளர்ந்த நாட்டுக் கருவேலம் தேடுவார்கள். நேர் மரத்தை அறுத்து வளைவு கொண்டுவந்தால் நார் அறுந்து, அலை அடிக்கும் இடத்தில் முதலில் அதுதான் பிளக்கும். பலகைகளுக்கு இடையிலுள்ள சந்தில் பருத்தித் திரியை உளியால் அடித்து இறுக்குவது கலப்பத்து. தோணி ஓய்விலிருக்கும் கச்சான் மாதங்களில் கலப்பத்து அடிப்பவர்களுக்கும் தச்சர்களுக்கும் கை ஓயாது. திரி தளர்வாக இருந்தால் ஒழுகும், அளவுக்கு மீறி அடித்தால் மரம் நீரில் ஊதும்போது பலகையே பிதுங்கும். அந்த அளவைச் சுத்தியல் சத்தத்தில் கண்டுபிடிப்பார்கள்.

சரக்கு ஏற்றுவதிலும் நுணுக்கம் இருக்கிறது. சிமெண்ட், செங்கல், ஜல்லி போன்ற கனம் அடியில். வெங்காயம், உருளை, காய்கறி காற்றோட்டமாக மேலே. எல்லாக் கனத்தையும் அடியில் மட்டும் வைத்தால் தோணி வெடுக்வெடுக்கென்று ஆடும், மரக்கட்டு தளரும். மேலே ஏறிவிட்டால் சாய்ந்து எழத் தாமதிக்கும், அதுதான் உயிருக்கு ஆபத்து. வெங்காய மூட்டையைச் சந்தில்லாமல் அடுக்கினால் உள்ளே புழுங்கி, மாலத்தீவின் மாலே போய்ச் சேருமுன் முளை விட்டுவிடும். போக மூன்று நான்கு நாள் ஆகும் பயணம் அது. தோணியின் தலைவரான தண்டல் கையெழுத்துப் போடுவதற்கு முன் சாமான் அடுக்கை ஒருமுறை இறங்கிப் பார்ப்பார். அடுக்கியவர்களுக்கு அது பரீட்சை மாதிரி.

மீன்பிடியில் இரண்டு உலகம். துறைமுகத்து விசைப்படகுகள் காலை 5 மணிக்குப் போய் இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும், தங்கல் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். திரேஸ்புரம், இனிகோ நகர், தருவைக்குளம் பக்கம் நாட்டுப்படகுகள். விசைப்படகு நிற்கும் நாள்களில் சந்தையைத் தாங்குவது இவைதான், அப்போது சீலா, விளைமீன், ஊளி எல்லாம் விலை ஏறும். கச்சான் உச்சத்தில் மீன்வளத் துறை எச்சரிக்கை விட்டால் இருவருக்கும் வேலை இல்லை. டீசல், ஐஸ், சாப்பாடு செலவு கழித்துவிட்டு மிஞ்சியதில் படகுக்கும் வலைக்கும் ஒரு பகுதி, ஆட்களுக்கு ஒரு பகுதி என்று பங்கு பிரிப்பதால், மீன் படாத நாளில் கூலியும் படாது.

மீன் நன்றாகக் கிடைத்தும் பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் ஐஸ்தான் காரணம். இந்த வெக்கைக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று கணக்குப் போட வேண்டும். ஐஸ் பாரைப் பொடித்து, அடியில் ஒரு படுக்கை, மீன், ஐஸ், மீன் என்று அடுக்க வேண்டும். மேலே மட்டும் கொட்டுகிறவர்கள் உண்டு. உருகின நீரும் ரத்தமும் பெட்டிக்கு அடியில் தேங்கி, கீழ் அடுக்கு ஊறி வெளுத்துவிடும். பெட்டியில் வடிகால் துளையைத் துணி வைத்து அடைப்பதும் அதே தவறுதான். ஏலத்தில் மேல் மீனைப் பார்த்து விலை சொன்ன பெண் வியாபாரி அடி மீனைப் பார்த்ததும் மறுநாள் அந்தப் படகுக்கு விலையைக் குறைத்துத்தான் கேட்பார். காலையில் தலைச்சுமையாகத் தெருத்தெருவாக விற்பவர் அவர், வாடிக்கைக்காரர் முகத்தில் விழிக்க வேண்டியவரும் அவரே.

முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. சங்கு குளிப்பது மட்டும் தொடர்கிறது. கச்சான் அடங்கிக் கடல் தெளியும் மாதங்கள்தான் அதற்கு ஏற்றவை, அடியில் மணல் தெரிய வேண்டும். சங்கு மணலில் நகர்ந்த தடத்தைப் பிடித்துக்கொண்டே போய் எடுப்பார்கள். கலங்கிய நீரில் எவ்வளவு மூச்சு இருந்தும் பயனில்லை. எடுத்த சங்கை 57 மில்லிமீட்டர் வளையத்தில் போட்டுப் பார்ப்பது பழைய விதி. வளையத்துக்குள் நுழைந்து விழுந்தால் அது குஞ்சு, கடலுக்கே திரும்ப வேண்டும். பெரியவை வங்காளத்துக்குப் போய் வளையலாகின்றன. மூச்சடக்கிக் குளித்தவர்கள் இடத்தில் கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்குபவர்கள் வந்துவிட்டார்கள். இஞ்சின் புகை காற்றிழுக்கும் வாய்க்குப் பக்கத்தில் இருந்தால் அடியில் இருப்பவருக்கு விஷக் காற்றுதான் போகும். நீண்ட நேரம் ஆழத்தில் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால் மூட்டு முடங்கும், உயிரும் போகலாம். இதைக் கரையில் நின்று எச்சரிக்க ஆள் வைப்பது செலவாகப் படுகிறது, அதுதான் வருத்தம்.

இத்தனை தொழிலையும் ஒரே சனம் செய்யவில்லை. பரதவர், நாடார் வணிகர்கள், முஸ்லிம்கள், சுற்றுக் கிராமங்களிலிருந்து அளத்துக்கு வரும் பல சாதியினர், இப்போது கிட்டங்கிகளிலும் மீன் பதனிடும் ஆலைகளிலும் வட மாநிலத்தவர். போர்ச்சுகீசியர், 1658 முதல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று கை மாறிய ஊர் இது. யார் எந்தச் சாமி கும்பிட்டாலும் ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழாவுக்கு ஏற்றபடி கடைக்காரர்கள் சரக்கு எடுப்பார்கள், லாரிக்காரர்கள் கடற்கரைச் சாலையைத் தவிர்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஞாயிறு ஓய்வுக்கு இங்கே இன்னொரு வரலாறும் உண்டு. 1908 பிப்ரவரி 27-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பக்கத்தில் நின்றார்கள். கூலி உயர்வும் வாராந்திர விடுமுறையும் வாங்கிக்கொண்டே ஆலைக்குள் திரும்பினார்கள்.

மக்ரூனைப் பற்றிச் சொல்லாமல் தூத்துக்குடி பற்றி எழுதக் கூடாது. முட்டை வெள்ளை, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான். மைதாவோ வெண்ணெயோ கிடையாது. வீட்டில் செய்ய மூன்று முட்டை வெள்ளைக்கு 180 கிராம் சர்க்கரை, 150 கிராம் முந்திரி போதும். வெள்ளையில் மஞ்சள் கரு ஒரு சொட்டு விழுந்தாலும் நுரை சரியாக எழும்பாது. முந்திரியை வெயிலில் காயவைத்து, எண்ணெய் விடாதபடி விட்டுவிட்டுப் பொடிக்க வேண்டும். வெள்ளையைச் சர்க்கரையோடு அடித்து, நுரை கவிழ்த்தாலும் விழாத பதம் வந்ததும் பொடியைக் கிளறாமல் மடித்துச் சேர்த்து, காகிதக் கூம்பில் பிழிந்து, 100, 110 டிகிரிச் சூட்டில் ஒன்றரை மணி நேரம் உலர்த்தி, அடுப்பிலேயே ஆற விட வேண்டும். சூடு கூடினால் மேல் பழுத்து உள்ளே பிசினாக நிற்கும். இதற்கும் எதிரி மழைக்கால ஈரம்தான். ஐப்பசியில் திறந்து வைத்த மக்ரூன் அரை நாளில் தளர்ந்துவிடும், பேக்கரிக்காரர் ஆறியதும் உடனே டப்பாவில் அடைப்பது அதனால்.

ஐப்பசி பிறந்தால் தோணி கிளம்பும், சங்குக்காரர் இறங்குவார், அளம் மூடும். ஆனால் உப்பு சுமந்த பெண் தோணியில் ஏற முடியாது. அவருக்கு அந்த மூன்று மாதமும் கட்டட வேலை, வீட்டு வேலை, கிடைத்தால் நூறு நாள் வேலை, கிடைக்காவிட்டால் வட்டிக்குக் கடன். மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளருக்கு அரசு 5,000 ரூபாய் தருகிறது. தொண்ணூறு நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 55 ரூபாய். வாங்கின கடனுக்கு ஈடாகத் தை மாதத்து வேலையை இப்போதே பேசி வைத்துக்கொள்கிற குடும்பங்கள் இருக்கின்றன. முன்பணம் கொடுத்தவர் அளத்துக்கே போக வேண்டும், அடுத்த அளத்தில் இரண்டு காசு கூடக் கொடுத்தாலும் நகர முடியாது. அம்பாரம் மூடுவது, ஓலை மாற்றுவது, வண்டல் எடுப்பது, வரப்புக்கு மண் சேர்ப்பது என்று மழைக்காலத்திலேயே முறை வைத்துக் கொடுக்கக்கூடிய வேலைகள் அளத்தில் இருக்கின்றன. மழை விட்ட நாள்களில் வாரத்துக்கு இரண்டு நாள் கொடுத்தாலும் அந்தக் கடனில் பாதி குறையும். அளம் வைத்திருப்பவர்களும் சங்கங்களும் கூலி உயர்வு பேசும்போது இந்த மழைநாள் வேலையையும் சேர்த்துப் பேச வேண்டும்.